சீட்டுப் பணமும் மூணாவது பிஸ்டனும்!

ஒரகடம் டு இருங்காட்டுக்கோட்டை: ஒரு டர்போ பட்ஜெட் கதை

ஒரகடம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சாயங்கால ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டிப் போகும். நடுநடுவே புதுக் கார்களை அடுக்கிச் சுமந்தபடி நீளமான டிரெய்லர் லாரிகள், பாடி கட்டாத பாரத்பென்ஸ் சேஸிகள். இந்த பஸ்கள், லாரிகளில் பெரும்பாலானவற்றின் இன்ஜினில் ஒரு டர்போ சுற்றிக்கொண்டிருக்கும். டீசல் வண்டி என்றாலே இன்று டர்போதான். ஆக, டர்போ என்பது இந்த ஊருக்கு அதிசயம் கிடையாது. டர்போ இல்லாமல் பிறந்த ஒரு பெட்ரோல் காருக்கு அதை மாட்ட நினைப்பதில்தான் வம்பு இருக்கிறது.

அந்த வம்பை விலைகொடுத்து வாங்கியவன் என் சித்தப்பா பையன். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லைன் ஆபரேட்டர். வயது 27. டீ ஆறிக்கொண்டிருக்க, மடியில் வைத்திருந்த பழைய துண்டை அவிழ்த்து ஒரு பொருளை நீட்டினான்.

"மூணாவது பிஸ்டன்ணா."

உள்ளங்கையில் அடங்கும் அலுமினிய டம்ளர். மேலே ரிங்குகள் உட்காரும் பள்ளங்கள் இருக்கும் அல்லவா? முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் வரப்பு, சுண்டு விரல் நீளத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. பல் விழுந்த ஈறு மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். அவனிடம் இருப்பது 12 வருடப் பழைய, 1,200 சிசி, 80 பிஎஸ் பெட்ரோல் ஹேட்ச்பேக். புதுப்பேட்டையில் அலைந்து பழைய டர்போ ஒன்றை வாங்கினான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பைப் வளைத்து, வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தார்கள். 11 நாள் பறந்தது. 12-ம் நாள் ராத்திரி படப்பை தாண்டும்போது வண்டி உதறியது, பின்னால் நீலப் புகை, அவ்வளவுதான். இப்போது கையில் இருப்பது சீட்டு எடுத்த ஒன்றரை லட்சம் ரூபாய். தள்ளி எடுத்தது போக இன்னும் ஒன்பது மாதம் கட்ட வேண்டிய சீட்டு.

"ஃபோர்ஜ்டு பிஸ்டன், ஃபோர்ஜ்டு ராடு ரெண்டையும் போட்டுட்டா இனிமே உடையாது இல்லண்ணா?"

கார்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்பியிருக்கிறான். அரைகுறை பதில்தான் இருந்தது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக, 30 வருடமாக இன்ஜின் போரிங் வேலை செய்யும் ஒரு பெரியவரின் பட்டறைக்குப் போனோம். அவர் பிஸ்டனை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கேட்ட முதல் கேள்வி பிஸ்டனைப் பற்றி அல்ல.

"தம்பி, கம்ப்யூட்டருக்கு என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. அப்படியே விட்டுட்டோம்."

"அப்ப பிஸ்டன் மேல தப்பே இல்ல" என்று மேஜையில் வைத்துவிட்டார்.

உடைத்தது யார்?

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, இன்ஜினுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்துகிறது. ஸ்பார்க் பிளக் தீ வைக்கிறது. சாதாரண பெட்ரோல் இன்ஜினில், அந்த நொடியில் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 60 பார் வரை ஏறும் என்று வைத்துக்கொள்வோம். 71 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிஸ்டனின் தலையில் அது ஏறத்தாழ இரண்டரை டன் சுமை. இரண்டு அம்பாசடர் கார்களை அடுக்கி வைத்த மாதிரி! 6,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு பிஸ்டனும் இந்த அடியை நொடிக்கு 50 தடவை வாங்குகிறது.

டர்போ என்ன செய்கிறது? வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் காற்றை உள்ளே திணிக்கிறது. 0.5 பார் பூஸ்ட் என்றால், கணக்குப்படி ஒன்றரை மடங்கு காற்று. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். அடியும் கூடும். இது எதிர்பார்த்த அடி. நல்ல நிலையில் இருக்கும் பிஸ்டன் ஓரளவுக்குத் தாங்கும்.

தாங்காதது வேறொன்று. பிளக் வைத்த தீ சிலிண்டரின் ஓரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், அங்கே இருக்கும் மிச்சக் கலவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். டப்பாவுக்குள் கூழாங்கல் உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். இந்தத் திடீர் அடிதான் பிஸ்டனின் வரப்பைப் பிளக்கிறது. சில சமயம் தலையிலேயே ஓட்டை போட்டுவிடும்.

டர்போ இல்லாத காரின் கம்ப்யூட்டருக்கு, வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் அளக்கத் தெரியும். அதற்கு மேல் காற்று வந்தால் அதன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத காற்றுக்கு அது பெட்ரோல் கொடுக்காது, ஸ்பார்க்கையும் தள்ளிப்போடாது. பெட்ரோல் குறைந்த கலவை, அவசரமான தீ, கூடுதல் அழுத்தம். நாக்கிங்குக்கு இதைவிட நல்ல சமையல் குறிப்பு கிடையாது. அந்த இடத்தில் ஃபோர்ஜ்டு பிஸ்டன் இருந்திருந்தால் 11 நாளுக்குப் பதில் இரண்டு மாதம் ஓடியிருக்கும் என்பதுதான் பெரியவரின் கணக்கு.

ஒரே ஊர், இரண்டு இன்ஜின்

இங்கே ஒரு சந்தேகம் வரும். கம்பெனிக்காரர்கள் மட்டும் எப்படிச் செய்கிறார்கள்?

ஒரகடத்தில் 2010-ல் திறக்கப்பட்ட ரெனோ - நிசான் ஆலையிலிருந்து வரும் மேக்னைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் அறிமுகமானபோது அந்தக் காருக்கு இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். இரண்டுமே மூன்று சிலிண்டர், இரண்டுமே 999 சிசி. டர்போ இல்லாதது 72 பிஎஸ், 96 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ உள்ளது 100 பிஎஸ், மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர். 'ஒரே இன்ஜின், ஒன்றில் டர்போ மாட்டியிருக்கிறார்கள்' என்றுதான் பலர் நினைத்தார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்து இன்ஜின்கள். டர்போ இன்ஜினின் சிலிண்டர் சுவரில் வழக்கமான இரும்பு ஸ்லீவுக்குப் பதிலாக, கண்ணாடி போல வழவழப்பாக்கிய மெல்லிய உலோகப் பூச்சு. உராய்வு குறையும், சூடு சீக்கிரம் வெளியேறும். நிசானின் ஜிடி-ஆர் என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பயன்படுத்திய தொழில்நுட்பம் என்று கம்பெனியே பெருமையாகச் சொன்னது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் கதை இன்னும் சுவாரஸ்யம். கப்பா குடும்பத்தின் 1.2 லிட்டர் இன்ஜின் 83 பிஎஸ், 114 நியூட்டன் மீட்டர். அதே குடும்பத்தின் 1.0 லிட்டர் டர்போ, வென்யூவில் 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் சிலிண்டர் துளையின் குறுக்களவு 71 மில்லிமீட்டர்! இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது.

"அண்ணா, டர்போ வண்டி பிஸ்டன் புதுப்பேட்டைல கிடைக்கும். 71-க்கு 71. எதுக்கு ஃபோர்ஜ்டு வாங்கணும்?"

இப்படித் துளை அளவு ஒத்துப்போகும் அண்ணன் - தம்பி இன்ஜின்கள் பல கம்பெனிகளில் உண்டு. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் துளை மட்டும் ஒத்துப்போனால் போதாது. பிஸ்டன் பின்னிலிருந்து தலை வரைக்குமான உயரம் மாறும், ஸ்ட்ரோக் மாறும், சிலிண்டருக்குள்ளேயே நேரடியாக பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின் என்றால், அதற்கேற்ப பிஸ்டன் தலையில் குழி வெட்டியிருப்பார்கள். அந்தப் பிஸ்டனைப் பழைய பாணி இன்ஜினில் போட்டால் வால்வு முட்டலாம், அல்லது கலவை ஒழுங்காகவே எரியாமல் போகலாம். பெரியவர் இதை ஒரே வரியில் முடித்தார்: "ரெண்டு பேருக்கும் சட்டை சைஸ் 40-ங்கறதால ஒருத்தன் பேன்ட்ட இன்னொருத்தன் போட முடியுமா?"

டாடா ஒரு தடவை டியாகோவை வேகமான காராக மாற்ற நினைத்தபோது கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் சேர்ந்தது. 2018-ல் வந்த அந்த ஜேடிபி டியாகோ 114 பிஎஸ். சாதாரண டியாகோவின் 85 பிஎஸ் இன்ஜினில் டர்போவை மாட்டிவிடவில்லை. நெக்ஸானில் ஏற்கெனவே டர்போவோடு பிறந்த இன்ஜினை எடுத்து டியூன் செய்தார்கள். ரேஸ் கார் கட்டிப் பழகியவர்களே எடுத்த முடிவு அது.

ஒரு டீஸ்பூன் இடம்

சரி, இருக்கிற இன்ஜினையே டர்போவுக்குத் தயார்படுத்த வேண்டும் என்றால் என்ன மாற்ற வேண்டும்? இணையத்தில் தேடினால் எல்லோரும் முதலில் சொல்வது, கம்ப்ரஷனைக் குறை என்பது.

1,200 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 300 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 10.5 என்றால், பிஸ்டன் உச்சிக்குப் போனபின் மேலே மிச்சமிருக்கும் இடம் 31.6 சிசி. அதை 9 ஆகக் குறைக்க வேண்டுமென்றால் 37.5 சிசி இடம் வேண்டும். வித்தியாசம் ஏறத்தாழ 6 சிசி. இருமல் மருந்து ஊற்றும் டீஸ்பூனில் ஒரு ஸ்பூனும் சொச்சமும்! அவ்வளவு இடத்துக்குத்தான் இத்தனை கூத்து.

ஃபோர்ஜ்டு பிஸ்டனை ஆர்டர் கொடுக்கும்போது, தலையில் அந்த அளவுக்குக் குழி வெட்டியே கேட்டு வாங்கலாம். பட்ஜெட்காரர்கள் என்ன செய்வார்கள்? பழைய பிஸ்டனின் தலையை லேத்தில் கொடுத்துக் குழி வெட்டுவார்கள். அடி கூடப்போகும் இடத்திலேயே உலோகத்தை மெலிய வைக்கிற வேலை இது. இன்னும் சிலர் பருமனான ஹெட் கேஸ்கெட் போட்டு இடத்தைக் கூட்டுவார்கள். அப்படிச் செய்தால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஓரத்துக் கலவையை நெருக்கி நடுவே தள்ளும் வேலை கெட்டுப்போகும். கம்ப்ரஷன் குறைந்தும் நாக்கிங் குறையாது. இரண்டையுமே பெரியவர் ஏற்கவில்லை.

கம்ப்ரஷனைக் குறைக்காமல் டர்போ மாட்டியவர்கள் உண்டா? உண்டு. 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற காரை விற்றது. உலகின் முதல் டர்போ பெட்ரோல் கார்களில் ஒன்று. 10.25 கம்ப்ரஷனை அப்படியே வைத்துக்கொண்டு, நாக்கிங்கை அடக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டேங்க்கில் கொடுத்தார்கள். பூஸ்ட் ஏறும்போது அது இன்ஜினுக்குள் தெளிக்கும். ஓட்டியவர்கள் அந்த டேங்க்கை நிரப்ப மறந்தார்கள். தீர்ந்துபோனால் கார் தானாகவே பூஸ்ட்டைக் குறைத்துக்கொள்ளும். 'காசு கொடுத்து வாங்கிய வேகம் எங்கே?' என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் பல கார்களிலிருந்து டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுக்க வேண்டிவந்தது. மனித சுபாவம் மாறவே இல்லை பாருங்கள்.

நம் ஊரில் அந்தத் திரவத்தின் வேலையைக் கொஞ்சம் பெட்ரோலே செய்யும். இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவிகித எத்தனால் கலவைக்கு, பழைய பெட்ரோலைவிட நாக்கிங்கைத் தாங்கும் குணம் கூடுதல். மைலேஜ் குறைகிறது என்று எல்லோரும் திட்டும் அதே எத்தனால், டர்போக்காரர்களுக்கு மட்டும் சொந்தக்காரன். ஆனால் பழைய காரின் ரப்பர் ஹோஸ்களுக்கு அது ஆகாது, மாற்றியாக வேண்டும். 2020 கடைசியில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த 100 ஆக்டேன் எக்ஸ்பி100 பெட்ரோலும் இருக்கிறது. அதன் விலையைப் பார்த்தால் பிஸ்டன் விலை பரவாயில்லை என்று தோன்றிவிடும்.

பிஸ்டனா, ராடா?

இனிதான் சீட்டுப் பணக் கேள்வி. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

இரண்டும் வேறு வேறு காரணத்துக்காக உடைகிறவை என்பதில்தான் விடை இருக்கிறது. பிஸ்டனைக் கொல்வது சூடும் நாக்கிங்கும். கனெக்டிங் ராடைக் கொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, குறைந்த ஆர்பிஎம்மிலேயே கொட்டும் அதிக டார்க்; அது ராடை வளைக்கும். இன்னொன்று, வேகம். பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பும்போது அதைப் பிடித்து இழுப்பது ராடும் அதன் போல்ட்டும்தான். அந்த இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏறும். 6,000 ஆர்பிஎம்மிலிருந்து 7,000-க்குப் போனால் வேகம் 17 சதவிகிதம்தான் கூடுகிறது. இழுவிசை 36 சதவிகிதம் கூடிவிடும். இதற்கு டர்போ இருக்கிறதா இல்லையா என்ற கணக்கே கிடையாது.

ஆகவே டர்போ மாட்டியவன் 6,000-க்கு மேல் போகாமல் கட்டுப்பாடு வைத்துக்கொண்டால், ராடு செலவைத் தள்ளிப்போடலாம். கீழேயே சக்தி கிடைக்கிறதே, மேலே எதற்கு விரட்ட வேண்டும்? கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். பழைய ராடுகளை விரிசல் சோதனைக்குக் கொடுத்து, நேராக இருக்கிறதா பார்த்து, போல்ட்டுகளை மட்டும் கட்டாயமாகப் புதிதாகப் போட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை: இன்றைய பல இன்ஜின்களில் ராடின் கீழ்த்தொப்பியை அறுத்துப் பிரிப்பதில்லை, ஒரே துண்டாகச் செய்து, உடைத்துப் பிரிக்கிறார்கள். உடைந்த முகம் அதன் ஜோடியோடு மட்டும்தான் பொருந்தும். தொப்பிகளை மாற்றிப் போட்டுவிட்டால் நான்கு ராடும் குப்பைக்கு. பட்டறைப் பையன்கள் தூக்கக் கலக்கத்தில் செய்யும் தவறு இது.

பிஸ்டனுக்கு வருவோம். கம்பெனி பிஸ்டன்கள் பெரும்பாலும் வார்ப்பு. உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிச் செய்வது. தேய்மானம் குறைவு, சூட்டில் அதிகம் விரியாது, விலை மலிவு. ஆனால் நாக்கிங் அடித்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஃபோர்ஜ்டு என்பது, சூடாக்கிய கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது. அதிலும் இரண்டு ரகம். 4032 என்ற கலவையில் சிலிக்கான் சுமார் 12 சதவிகிதம். அளவாக விரியும், தினசரி வண்டிக்கு ஏற்றது. 2618-ல் சிலிக்கான் கிட்டத்தட்டக் கிடையாது. உடைவதற்குப் பதில் நசுங்கும் குணம், ரேஸுக்கு அது வரம். ஆனால் நன்றாக விரிவதால் சிலிண்டரில் கூடுதல் இடைவெளி விட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்தால் சூடேறும் வரை டக்டக்கென்று தட்டும். எண்ணெயும் கொஞ்சம் குடிக்கும். விலை உயர்ந்ததைப் போட்டுவிட்டு, 'புது இன்ஜின் சத்தம் போடுதே' என்று திரும்ப வருகிறவர்கள் உண்டாம்.

எதை வாங்கினாலும் பிஸ்டன் கைக்கு வந்த பிறகுதான் பிளாக்கை போரிங்குக்குக் கொடுக்க வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கும் அளவை நம்பித் துளை போட்டுவிட்டு, பிறகு பிஸ்டனை அளந்து பார்த்து அழக்கூடாது. நான்கு பிஸ்டனையும் எடை போட வேண்டும். பெரியவர் நகைக்கடைத் தராசு வைத்திருக்கிறார். ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் முகம் சுளிக்கிறார்.

சென்னை செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் இயங்கும் ஊர் இது. ஆனாலும் இந்தக் காரின் அளவுக்கு ஃபோர்ஜ்டு செட் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எங்கேயும் அலமாரியில் இல்லை. ஆர்டர் கொடுத்துத் தருவிக்க வேண்டும். விசாரித்தால், பிஸ்டனுக்கும் ராடுக்கும் சேர்த்துச் சீட்டுப் பணத்தில் முக்கால்வாசி போய்விடும் என்று தெரிந்தது. மிச்சத்தில் கம்ப்யூட்டர், இன்ஜெக்டர், டியூனிங் எதுவும் நடக்காது. அதாவது, முதல் தடவை எதனால் உடைந்ததோ அது அப்படியே இருக்க, உடையும் பொருளின் விலை மட்டும் பல மடங்காகியிருக்கும்.

அரம் தந்த அரை மில்லிமீட்டர்

அன்றைக்கு நான் பார்த்ததிலேயே சுவாரஸ்யமான வேலை, ஒரு சின்ன அரத்தால் நடந்தது.

பிஸ்டன் ரிங் முழு வட்டம் அல்ல; ஓரிடத்தில் வெட்டு இருக்கும். சூடானால் ரிங் நீளும், வெட்டு மூடிக்கொண்டே வரும். முழுவதும் மூடி முனைகள் முட்டிக்கொண்டால், ரிங் போக இடமில்லாமல் சிலிண்டர் சுவரை அழுத்தும். அடுத்த நொடி வரப்பைப் பெயர்த்துக்கொண்டு போகும். டர்போவில் சூடு அதிகம் என்பதால் வெட்டு கூடுதலாக இருக்க வேண்டும். தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு இது: சாதாரண இன்ஜினில் துளையின் குறுக்களவில் ஆயிரத்தில் நான்கு பங்கு, மிதமான டர்போவுக்கு ஆயிரத்தில் ஆறு. 71 மில்லிமீட்டருக்கு 0.28 எங்கே, 0.43 எங்கே! ஏடிஎம் கார்டின் பருமனில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. ரிங் பெட்டியோடு வரும் தாளில் அந்தக் கம்பெனி வேறு கணக்கு சொல்லியிருந்தால் அதுதான் செல்லும்.

பெரியவர் ரிங்கை அதற்கான சிலிண்டரிலேயே வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் சமமாக உள்ளே தள்ளி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். வெளியே எடுத்தார். ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கமிருந்து உள்பக்கமாக, மூன்றே இழுப்பு. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. ஒரு ரிங்குக்குப் பத்து நிமிடம். பேச்சே கிடையாது.

துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய ரிங்கையும் வாங்கிப் பார்த்தார். அதன் இரண்டு முனைகளும் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தன. ஒன்றோடொன்று முட்டித் தேய்ந்த தடம்! வரப்பு உடைந்ததில் நாக்கிங்குக்குப் பங்காளி யார் என்று அப்போது தெரிந்தது. டர்போ மாட்டியவர்கள் இன்ஜினைத் திறக்கவே இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட் கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீலாக இருக்க வேண்டும். பிளாக், ஹெட் இரண்டின் முகமும் மட்டமாக இல்லையென்றால் அதுவும் வீண். ஹெட் போல்ட்டுகள் புதியவை. பேரிங்குகள் புதியவை. ஆயில் பம்ப் அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் டர்போவும் அதே ஆயிலில்தான் சுற்றுகிறது. கிராங்க்கைப் பாலிஷ் செய்தால் போதும். எக்ஸாஸ்ட் வால்வுகள் எரிந்திருக்கின்றனவா பார்க்க வேண்டும். கேம் ஷாஃப்ட் மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சாலையில் ஓட்டலாமா?

இந்தக் கேள்வியை நான்தான் எழுப்பினேன், தம்பிக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம், அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பானட்டைத் திறந்து பார்ப்பார்கள். எதிரே வந்தவரின் நஷ்டத்தையும் நம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய நிலை வரலாம். படப்பை தாண்டி உதறிய அந்த ராத்திரி, பின்னால் ஒரு பைக் வந்திருந்தால்? அவன் பதில் சொல்லவில்லை.

நல்லவேளையாக ரேஸ் டிராக்கும் இதே வழித்தடத்தில்தான் இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறந்த டிராக் அது. 12 வளைவுகள், சுமார் 3.7 கிலோமீட்டர். ஆனால் வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போக முடியாது. டிரக்கில் ஏற்றித்தான் போக வேண்டும். பட்ஜெட் போடுகிற யாரும் எழுத மறக்கும் செலவு இது.

நான் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தேன். "இந்த ஒன்றரை லட்சத்தோட உன் காரையும் வித்துப் போட்டா, கம்பெனியிலேயே டர்போ வச்ச செகண்ட் ஹேண்ட் காருக்கு முன்பணம் கட்டிடலாம். கியாரண்டியா ஓடும்டா."

"அது வாங்கினதா இருக்கும்ணா. இது நான் செஞ்சது."

அதற்கு மேல் எனக்குப் பேச வாயில்லை.

கடைசிக் கணக்கு

பட்டறை மேஜையில், ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டார்கள். ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடித்தல். ஃபோர்ஜ்டு ராடு அடித்தல். கம்பெனி அளவிலேயே புது வார்ப்பு பிஸ்டன் செட், வெட்டு கூட்டிய ரிங்குகள், பழைய ராடில் புது போல்ட்டுகள், கேஸ்கெட், பேரிங். இது மொத்தமும் சேர்ந்து பணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பெரிய இன்ஜெக்டர், பூஸ்ட்டை அளக்கத் தெரிந்த தனி கம்ப்யூட்டர், எரிபொருள் கலவையைக் காட்டும் மீட்டர், டியூனருக்கு ஒரு நாள் கூலி ஆகியவற்றுக்குப் பாதிக்கு மேல். டர்போ அதே பழைய டர்போதான்; தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள்.

கம்ப்ரஷன் 10.5-லேயே இருக்கும் என்பதால் பூஸ்ட் 0.35 பாருக்கு மேல் போகக் கூடாது என்பது பெரியவர் போட்ட நிபந்தனை. கணக்குப்படி 80 பிஎஸ் இன்ஜின் 100-ஐ ஒட்டி வரும். மேக்னைட் டர்போ ஷோரூமிலேயே கொடுக்கிற அளவு!

"0.8 பார் வேணும்னா என்ன பண்றதுங்க?" என்று தம்பி விடாமல் கேட்டான்.

"அப்ப ஃபோர்ஜ்டு பிஸ்டன் வாங்கு. அதுக்கப்புறம் ராடு வாங்கு. அதுக்கப்புறம் கிளட்ச் போகும், கியர்பாக்ஸ் போகும். அடுத்த சீட்டு எப்ப எடுக்குற?"

சிரித்தது நான் மட்டும்தான்.

இன்ஜின் ஏறி ஆறு வாரம் ஆகிறது. பூஸ்ட் இல்லாமல், டிராக்கில் ஒரு வார நாள் முழுக்க மெதுவாக ஓட்டிப் பழக்கினான். ஆயில் வடிகட்டியை அறுத்து, உள்ளே உலோகத் துகள் இருக்கிறதா என்று இரண்டு பேரும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இல்லை. டியூனர் தேதி கொடுத்திருக்கிறார். அதுவரை கார், வாசலில் நீல தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. தினம் காலையில் 5.20-க்கு அதைக் கடந்து போய், முனையில் கம்பெனி பஸ் ஏறுகிறான். சீட்டு இன்னும் ஏழு மாதம் பாக்கி.